16 மி.மீ. புரொஜெக்டரில் படம் குதிக்கிறது: பிலிம் கேட் உண்மையில் என்ன வேலை செய்கிறது?

முத்தியால்பேட்டைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் ஒரு பள்ளி தன் பழைய ஆய்வகச் சாமான்களைக் கழித்தபோது, அவற்றோடு கிடந்த ஒரு 16 மி.மீ. புரொஜெக்டரையும் சில செய்திப்பட, அறிவியல் படச் சுருள்களையும் வாங்கினேன். விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடுகிறது, ஒலியும் கேட்கிறது. ஆனால் திரையில் மூன்று குறைகள் தெரிகின்றன. படம் மேலும் கீழுமாகக் குதிக்கிறது. லென்ஸை எப்படித் திருப்பினாலும் இடப்புற ஓரம் மட்டும் தெளிவுக்கு வருவதில்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும் இடங்களில், ஒவ்வோர் எழுத்தின் உச்சியிலிருந்தும் வெளிச்சம் மேல்நோக்கிக் கோடாக இழுபடுகிறது.

விசாரித்தவர்கள் எல்லோரும் கேட்டைப் பார்க்கச் சொல்கிறார்கள். கேட் என்றால் வெளிச்சம் புகுந்து வருவதற்கான செவ்வகத் துவாரம் என்பதுதான் இதுவரை நான் அறிந்தது. அசையாத ஒரு துவாரத்தால் இத்தனை குறைகள் எப்படி வரும்? கேமராவுக்குள் இருக்கும் கேட்டும் இதுவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா? பழுது நீக்குவதை விட, அது இயங்கும் முறையை முதலில் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மஞ்சக்குப்பம் பழைய ஆபரேட்டர் எழுதியது:

வணக்கம் தம்பி. கடலூரில் கார்பன் ஆர்க் எரிந்த காலத்திலும், பிறகு செனான் விளக்கு வந்த காலத்திலும் கேபினில் நின்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாங்கள் ஓட்டியது 35 மி.மீ. என்றாலும் தத்துவம் ஒன்றுதான்.

ஓடிக்கொண்டிருக்கும் பிலிம் நின்றாக வேண்டிய ஒரே இடம் கேட். மேல் சுருளிலிருந்து இறங்கும் பிலிம், முதல் ஸ்ப்ராக்கெட் என்னும் பற்சக்கரம் வரை ஒரே சீராக வருகிறது. கேட்டைத் தாண்டி ஒலி படிக்கும் இடத்துக்குப் போகும்போதும் சீராகத்தான் போகிறது. நடுவில் உள்ள அந்தச் சிறிய பாதையில் மட்டும் ஒரு ஃப்ரேம், அதாவது பிலிமில் உள்ள ஒரு தனிப் படம், இழுபட்டு, நின்று, வெளிச்சம் வாங்கி, மறுபடி இழுபட்டு நகர வேண்டும், அதுவும் நொடிக்கு 24 முறை. சீரான ஓட்டமும் விட்டுவிட்டு நடக்கும் ஓட்டமும் ஒன்றையொன்று இழுத்துப் பிலிமைக் கிழித்துவிடாமல் இருப்பதற்காகத்தான் கேட்டுக்கு மேலே ஒரு லூப்பும் கீழே ஒரு லூப்பும், அதாவது பிலிமின் வளைவும், தளர்வாக விடுகிறோம். 1895இல் அமெரிக்காவில் லேதம் குடும்பத்தார் காட்டிய இயந்திரத்தை வைத்து அதை லேதம் லூப் என்று சொல்வது உலக வழக்கம். லூப் சுருங்கிவிட்டால் படம் உடனே கடகடவென்று குதிக்கத் தொடங்கும். ஆகவே வேறு எதையும் தொடுவதற்கு முன், இரண்டு லூப்புகளும் உங்கள் இயந்திரத்தில் குறித்திருக்கும் அளவில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

இனி கேட்டைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் துவாரம் வெட்டிய தகடு இருக்கும். அதை அப்பர்ச்சர் பிளேட் என்போம். மறுபக்கம் ஸ்பிரிங் வைத்த அழுத்துத் தகடு அல்லது இரண்டு அழுத்துப் பட்டைகள் இருக்கும். பிலிம் இவை இரண்டுக்கும் இடையில் செல்கிறது. ஆனால் படம் பதிந்த நடுப்பகுதி எந்த உலோகத்திலும் படாது. துளைகள் உள்ள ஓரப்பகுதி மட்டும், சற்றே உயர்த்தி மெருகிட்ட இரண்டு தண்டவாளங்கள் மேல் உரசிச் செல்லும். பக்கவாட்டில் ஒரு புறம் அசையாத விளிம்பும் மறுபுறம் ஸ்பிரிங் வைத்த விளிம்பும் இருக்கும். ஸ்பிரிங் விளிம்பு பிலிமை எப்போதும் அசையாத விளிம்போடு ஒட்டித் தள்ளுவதால்தான் படம் இடமும் வலமும் ஆடுவதில்லை. இது வேலை செய்யாத இயந்திரத்தில் படம் பக்கவாட்டில் அலையும்.

அழுத்தம் எவ்வளவு என்பதில்தான் ஒரு ஆபரேட்டரின் கைப்பக்குவம் தெரியும். கூடிவிட்டால் பிலிம் கேட்டில் இறுகி, இழுக்கும் பல் துளையின் ஓரத்தை நைத்துவிடும், சத்தமும் மாறும். குறைந்துவிட்டால் பிலிம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. அந்தக் காலத்தில் ஒரே பிரிண்டை இரண்டு கொட்டகைகள் பகிர்ந்துகொள்வதும், முடிந்த ரீலை ஒரு பையன் சைக்கிளில் வைத்து மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூருக்குக் கொண்டுபோவதும் உண்டு. ஒரு கேபினில் கேட்டை இறுக்கி வைத்திருந்தால், அதன் விளைவை அடுத்த ஊர்த் திரையில்தான் பார்ப்பார்கள். படம் குதிக்கிறது என்று அங்கே விசில் அடிப்பார்கள். கெடுத்தவர் இங்கே நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

கெடிலக்கரை எழுதியது:

இயந்திரவியல் கற்பிப்பவன் என்பதால், ஐயா சொன்ன 'இழு, நிறுத்து' என்பதன் கணக்கை மட்டும் சேர்க்கிறேன்.

அரங்குகளில் இருந்த 35 மி.மீ. இயந்திரங்களில் பிலிமை இழுத்தது மால்டீஸ் கிராஸ் என்ற அமைப்பு. நான்கு பிளவுகள் கொண்ட ஒரு நட்சத்திரச் சக்கரத்தை, ஒற்றை முள் பதித்த ஒரு வட்டு சுற்றிவிடுகிறது. வட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது, அதில் கால் பங்கு நேரம் மட்டுமே முள் பிளவுக்குள் நுழைந்து நட்சத்திரத்தை 90 பாகை திருப்புகிறது. மீதி முக்கால் பங்கு நேரம் வட்டின் வளைந்த விளிம்பு நட்சத்திரத்தை அசையாமல் பூட்டி வைத்திருக்கிறது. நட்சத்திரத்தின் அச்சிலேயே 16 பற்கள் கொண்ட ஸ்ப்ராக்கெட் இருக்கிறது. கால் சுற்றுக்கு 4 பற்கள், 35 மி.மீ. பிலிமில் ஒரு ஃப்ரேமுக்கு 4 துளைகள். ஆகவே வட்டின் ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு ஃப்ரேம், அதாவது ஏறத்தாழ 19 மி.மீ. பிலிம் நகர்கிறது.

நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் வட்டு நிமிடத்துக்கு 1,440 முறை சுற்றுகிறது. ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 1/24 நொடி. அதில் நகர்வதற்கு 1/96 நொடி, நிற்பதற்கு 1/32 நொடி. மற்ற இடங்களில் நொடிக்கு 456 மி.மீ. வேகத்தில் போகும் பிலிம், கேட்டுக்குள் அந்த 1/96 நொடியில் சராசரியாக நொடிக்கு 1.8 மீட்டர் வேகத்துக்கு எழும்பி, உடனே மறுபடி பூச்சியத்துக்கு வர வேண்டும். மால்டீஸ் கிராஸில் முள் பிளவுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் நட்சத்திரத்தின் வேகம் பூச்சியம்தான். ஆகையால் தொடக்கத்திலும் முடிவிலும் பிலிமுக்கு அடி விழுவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஓடினாலும் துளைகள் தாங்குவதற்கு இது முக்கியமான காரணம்.

16 மி.மீ. இயந்திரங்களில் பெரும்பாலும் மால்டீஸ் கிராஸ் இருக்காது. கிளா என்னும் கொக்கிதான் இருக்கும். அது துளைக்குள் நுழைந்து, கீழே இழுத்து, வெளியே வந்து, மேலே ஏறி, மறுபடி நுழையும். 1895இல் லூமியேர் சகோதரர்களின் இயந்திரத்தில் இருந்ததும் கிளாவே. தையல் இயந்திரம் துணியை நகர்த்தும் முறையிலிருந்து அவர்களுக்கு அந்த எண்ணம் வந்தது என்பார்கள். அந்த ஒரே பெட்டியே படம் பிடித்தது, பிரிண்ட் போட்டது, திரையிலும் காட்டியது. ஆகவே கேமரா கேட்டும் புரொஜெக்டர் கேட்டும் ஒன்றா என்ற கேள்விக்கு, தொடக்கத்தில் அவை உண்மையாகவே ஒன்றாக இருந்தன என்பதே விடை. பிறகுதான் பிரிந்தன.

லாஸ்பேட்டை கேமரா உதவி எழுதியது:

பிரிந்த பிறகு கேமரா கேட்டின் நிலை என்ன என்பதை நான் சொல்கிறேன். பிலிம் காலத்தில் சென்னையில் கேமரா உதவியாளனாக வேலை பார்த்தவன்.

கேமராவில் ஒவ்வொரு ஃப்ரேமும் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கேட்டில் நிற்கிறது. அந்த ஒரு முறை தவறினால் பிறகு எந்த அரங்கிலும் அதைச் சரிசெய்ய இயலாது. புரொஜெக்டரிலோ அதே பிரிண்ட் நூற்றுக்கணக்கான காட்சிகள் ஓட வேண்டும். ஆகவே கேமரா கேட்டைத் துல்லியத்துக்காகக் கட்டினார்கள், புரொஜெக்டர் கேட்டைத் தேய்மானம் தாங்குவதற்காகக் கட்டினார்கள் என்பதே என் கருத்து. 1912இல் வந்த பெல் அண்ட் ஹொவல் 2709 கேமராவில், இழுத்து முடித்த பிலிமை அசையாத இரண்டு ஊசிகள் மேல் கொண்டுபோய்ப் பொருத்திவிடுவார்கள்; ஊசி துளையை நிறைத்து நிற்பதால் பிலிம் இம்மியும் நகராது. மிட்செல் கேமராக்களில் ஊசியே முன்னும் பின்னும் நகர்ந்து துளைக்குள் வந்து பிடித்துக்கொள்ளும். இதைத்தான் ரெஜிஸ்ட்ரேஷன் பின் என்கிறோம். தமிழ்ப் படங்களில் வெகுகாலம் உழைத்த ஆரி 2சி கேமராவில் தனி ஊசி கிடையாது. கிளா இழுத்து முடிக்கும் நிலையும் கேட்டின் அழுத்தமும் சேர்ந்துதான் பிலிமை நிறுத்தின. அப்படியிருந்தும் கேட்டைச் சரியாகப் பராமரித்தவர்களிடம் அது மிக நிலையான படத்தைக் கொடுத்தது.

இன்னொரு வேறுபாடு அளவில் உள்ளது. 35 மி.மீ.யில் அகாடமி எனப்படும் வழக்கமான பட அளவில் கேமரா கேட்டின் துவாரம் சுமார் 22 × 16 மி.மீ.; புரொஜெக்டர் கேட்டின் துவாரம் சுமார் 21 × 15.2 மி.மீ. தான். 16 மி.மீ.க்குக் கேமராவில் சுமார் 10.3 × 7.5, புரொஜெக்டரில் சுமார் 9.6 × 7.2. கேமரா கேட்டின் ஓரங்கள் திரைக்கு வராமல் மறைவதற்காகவே புரொஜெக்டரில் சற்றுச் சிறிதாக வெட்டுகிறார்கள்.

ஆனாலும் நீளமான தூசி இந்த மறைவையும் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டு வந்துவிடும். பிலிமிலிருந்து உரியும் மிக மெல்லிய இழை கேட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டால், அது திரையில் ஒரு கறுப்புக் கம்பியாக ஆடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இயக்குநர் ஓகே சொன்ன ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிறகு கேட்டைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, சுத்தம் என்று சொன்ன பிறகே விளக்குகளை நகர்த்தினோம். உலோகத்தால் கேட்டைத் தொடக்கூடாது என்பது முதல் நாளே கற்றுக்கொடுக்கப்பட்ட விதி. மரக்குச்சியும் ஊதும் ரப்பர் பந்தும் மட்டுமே அனுமதி. திரையில் இப்படி ஒரு கம்பி தெரிந்தால், அது ஷாட் மாறும்போது மறைகிறதா என்று பாருங்கள். மறைந்தால் கேமராவில் இருந்த தூசி. ஷாட்டுகள் மாறியும் அங்கேயே இருந்தால் உங்கள் புரொஜெக்டரில் இருக்கும் தூசி.

நண்பரின் படம் குதிப்பதும் பிரிண்டிலேயே இருக்கும் குறையாக இருக்கலாம் என்பதையும் விட்டுவிட வேண்டாம். பழைய செய்திப்படங்கள் பல, ஊசி இல்லாத சாதாரணக் கேமராக்களில் எடுக்கப்பட்டவை.

மஞ்சக்குப்பம் பழைய ஆபரேட்டர் எழுதியது:

கேமரா மேல் பழி போடுவதை நான் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் கேபினில் படம் குதித்தபோதெல்லாம் காரணம் எங்கள் கேட்டிலோ, தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டிலோ, நைந்த துளையிலோதான் இருந்தது. எடுத்தவர்கள் மேல் குறை சொல்லித் தப்பித்துக்கொள்வது ஆபரேட்டருக்கு வசதியான பழக்கம். அதனால்தான் அதைச் சந்தேகிக்கிறேன்.

லாஸ்பேட்டை கேமரா உதவி எழுதியது:

ஐயா, பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. பிரித்தறிய ஒரு வழி உண்டு என்பதற்காகவே சொல்கிறேன். இரண்டு ஃப்ரேம்களுக்கு இடையில் இருக்கும் கறுப்புக் கோடு உண்மையில் கேமரா கேட்டின் விளிம்பு பதித்த நிழல். கேமராவில் பிலிம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நகர்ந்திருந்தால், எல்லாக் கோடுகளும் ஒரே பருமனில் இருக்கும். கேமராவே பிலிமைச் சரியாக நிறுத்தவில்லை என்றால், ஒரு கோடு தடித்தும் அடுத்தது மெலிந்தும் இருக்கும்.

ஆகவே நண்பர், திரையில் படத்தை மேலும் கீழும் நகர்த்தும் ஃப்ரேமிங் திருகைத் திருப்பி, அந்தக் கறுப்புக் கோட்டைத் திரைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓட்ட வேண்டும். கோட்டின் பருமன் மாறாமல், கோடும் படமும் சேர்ந்தே குதித்தால் குறை புரொஜெக்டரில். கோட்டின் பருமன் விரிந்து சுருங்கினால் குறை கேமராவில். கோடு அசையாமல் நிற்க, அதற்குள் காட்சி மட்டும் ஆடினால் கேட்டுக்குச் சம்பந்தமே இல்லை. எடுத்தவரின் முக்காலிதான் ஆடியிருக்கிறது. திரையில் ஒளிச் செவ்வகத்தின் வெளி விளிம்பே ஆடினால், புரொஜெக்டர் நிற்கும் மேசையைப் பாருங்கள்.

பண்ருட்டி ரசிகன் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். சிறுவயதில் டூரிங் டாக்கீஸில் படம் நடுவில் நின்று, திரையில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றி, பொசுங்கிப் பரவியதைப் பார்த்திருக்கிறேன். அத்தனை சூடு எப்போதும் கேட்டில் இருக்கிறது என்றால் ஓடும்போது ஏன் எரிவதில்லை? இன்னொரு சந்தேகம், சில அரங்குகளில் உதட்டசைவுக்குப் பேச்சு பிந்தி வந்ததற்கும் கேட்டுதான் காரணமா?

மஞ்சக்குப்பம் பழைய ஆபரேட்டர் எழுதியது:

ஓடும்போது ஒரு ஃப்ரேம் கேட்டில் இருப்பது 1/24 நொடி. அதிலும் பாதி நேரம், சுழலும் மறைப்பான ஷட்டர் வெளிச்சத்தை மறைத்துவிடுகிறது. சூடு ஏறுவதற்குள் அந்த ஃப்ரேம் கீழே போய்விடும். பிலிம் அறுந்தோ லூப் போயோ ஒரே ஃப்ரேம் நின்றுவிட்டால் கண் இமைக்கும் நேரத்தில் பொசுங்கும். இதற்காகவே வேகம் குறைந்தால் தானாக விழுந்து வெளிச்சத்தை மறைக்கும் தீத்தடுப்பு ஷட்டர் ஒன்று இருந்தது. 1950களுக்கு முந்தைய நைட்ரேட் பிலிமாக இருந்தால் பொசுங்கி நிற்காது, தீப்பிடித்து ரீல் வரைக்கும் ஏறிவிடும். கேபினுக்குக் கனத்த சுவரும் இரும்புக் கதவும் வைத்தது அதற்காகத்தான். நீங்கள் பார்த்தது பின்னால் வந்த அசிட்டேட் பிலிமாக இருக்கும். அது உருகும், எளிதில் பற்றி எரியாது.

பேச்சு பிந்துவதற்குக் கேட்டை விடக் கீழ் லூப்பே காரணம். கேட்டில் பிலிம் நின்று நின்று போவதால் அங்கே ஒலியைப் படிக்க முடியாது. ஓட்டம் சீரான பிறகு, கீழே தள்ளித்தான் படிக்க முடியும். ஆகவே 35 மி.மீ. பிரிண்டில் ஒரு காட்சிக்குரிய ஒலியை அந்தக் காட்சிக்கு ஏறத்தாழ 20 ஃப்ரேம் முன்னதாகவே பதித்திருப்பார்கள்; 16 மி.மீ.யில் அது 26 ஃப்ரேம். கீழ் லூப்பை வேண்டியதை விடப் பெரிதாக விட்டால், கேட்டுக்கும் ஒலித்தலைக்கும் இடையே பிலிம் அதிகமாகித் தூரம் கூடும், பேச்சு பிந்தும்.

முத்தியால்பேட்டைக்காரன் எழுதியது:

நீங்கள் சொன்ன சோதனையைச் செய்து பார்த்தேன். கறுப்புக் கோட்டின் பருமன் மாறவே இல்லை. கோடும் படமும் சேர்ந்தே குதிக்கின்றன. வேறொரு சுருளைப் போட்டாலும் அப்படியேதான் இருக்கிறது. ஒளிச் செவ்வகத்தின் விளிம்பு அசையவில்லை. லூப் சரியான அளவில் இருக்கிறது. எழுத்துகள் மேல்நோக்கி இழுபடுவதும் எல்லாச் சுருளிலும் தெரிகிறது.

மஞ்சக்குப்பம் பழைய ஆபரேட்டர் எழுதியது:

அப்படியானால் குறை இயந்திரத்தில்தான். எழுத்து இழுபடுவது ஷட்டர் விவகாரம். பிலிம் நகரும் நேரத்தில் ஷட்டரின் இலை வெளிச்சத்தை முழுமையாக மறைக்க வேண்டும். கேட்டில் படம் தலைகீழாக நிற்கிறது, லென்ஸ் அதை நிமிர்த்துகிறது. ஆகவே பிலிம் கீழே நகர்ந்தால் திரையில் படம் மேலே போகும். இலை பிந்தி மூடினால், கிளம்பிவிட்ட ஃப்ரேம் மேல்நோக்கி இழுபட்டுத் தெரியும். இலை முந்தித் திறந்தால், இன்னும் வந்து சேராத ஃப்ரேம் கீழ்ப்பக்கமாக இழுபட்டுத் தெரியும். உங்களுக்கு மேலே இழுபடுகிறது என்பதால் ஷட்டர் பிந்துகிறது. ஷட்டரை அச்சில் பிடித்திருக்கும் திருகு தளர்ந்து, இலை சற்றே நழுவியிருக்கும். அதைச் சரிசெய்யுங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

ஐயா சொன்ன காரணத்துக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் திருகைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி. இந்த மூன்று குறைகளும் ஒரே நேரத்தில் தனித்தனிக் காரணங்களால் வந்திருக்குமா?

கேட்டின் அழுத்தம் குறைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கிளா பிலிமை இழுத்து, இறக்கும் இடத்தில் இறக்கிவிட்டு, துளையிலிருந்து வெளியேறுகிறது. அந்த இடத்தில் பிலிமைப் பிடித்து நிறுத்த வேண்டியது தண்டவாளத்தின் உராய்வு மட்டுமே, ஏனென்றால் இங்கே ஊசியும் இல்லை, மால்டீஸ் கிராஸின் பூட்டும் இல்லை. உராய்வு போதவில்லை என்றால், பிலிம் தன் வேகத்தால் இன்னும் சிறிது கீழே வழுக்கும். அது வழுக்கும் அளவு ஒவ்வொரு முறையும் வேறுபடுவதால் படம் குதிக்கும். வழுக்கும்போது ஷட்டர் ஏற்கெனவே திறந்துவிட்டிருப்பதால், அந்தக் கீழ்நோக்கிய நகர்வு திரையில் மேல்நோக்கிய கோடாகவும் தெரியும். ஷட்டர் தன் நேரப்படி சரியாகவே திறந்திருக்கும். பிலிம்தான் நிற்க வேண்டிய நேரத்தில் நின்றிருக்காது.

இடப்புறம் மட்டும் தெளிவில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு பக்கத் தண்டவாளத்தில் ஏதோ படிந்து உயர்ந்திருந்தால், பிலிம் அந்தப் பக்கம் லென்ஸின் தளத்தை விட்டு விலகி நிற்கும், அந்த ஓரம் மங்கும். அழுத்துத் தகடும் சாய்ந்து, மறுபக்கம் முழுமையாக அழுந்தாது.

பிரித்தறிவது எளிது. விளக்கை அணைத்துவிட்டு, பிலிம் மாட்டிய நிலையில், கையால் சுற்றும் திருகை மெல்லச் சுற்றிக்கொண்டே கேட்டைக் கவனியுங்கள். கிளா இறங்கத் தொடங்குவதற்குள் ஷட்டர் இலை துவாரத்தை மறைக்கிறதா, கிளா இழுத்து முடித்த பிறகுதான் திறக்கிறதா என்று பாருங்கள். கையால் சுற்றும்போதே நேரம் தவறினால் ஐயா சொன்ன திருகுதான். கையால் சுற்றும்போது எல்லாம் சரியாக இருந்து, வேகமாக ஓடும்போது மட்டும் இழுபட்டால், பிலிமின் வேகத்தை அடக்கும் அழுத்தம் போதவில்லை என்று பொருள்.

மஞ்சக்குப்பம் பழைய ஆபரேட்டர் எழுதியது:

கணக்கு வாத்தியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கையால் சுற்றிப் பார்ப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

படிவு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சென்னை லேபிலிருந்து ஈரம் உலர்ந்தும் உலராமலும் வந்து இறங்கும் புதுப் பிரிண்டுகளில், மேல்பூச்சு மிருதுவாக இருக்கும். கேட்டின் சூட்டில் அது உரிந்து தண்டவாளத்தில் படிந்து, கல்லைப் போல் கெட்டிப்பட்டுவிடும். முதல் வாரம் முழுவதும் ஒவ்வொரு ரீலுக்கும் கேட்டைத் திறந்து துடைப்போம். அது படிந்திருந்தால் கேட்டிலிருந்து வரும் சத்தமே தடித்துக் கேட்கும். திரையைப் பார்க்காமலே தெரிந்துவிடும். நம் கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரமும் உப்பும் வேறு சேர்ந்துகொள்ளும். பயன்படுத்தாமல் மூடி வைத்த இயந்திரத்தில் தண்டவாளத்தின் மெருகு போய், துரு பொட்டுப் பொட்டாகக் கிளம்பும். அந்தப் பொட்டு ஒவ்வொன்றும் பிலிமில் நீளமான கீறலைப் போடும்.

கெட்டிப்பட்ட படிவைக் கத்தியாலோ திருப்புளியாலோ சுரண்டாதீர்கள். ஒரு துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு ஊறவைத்து, மூங்கில் குச்சியை உளி போலச் சீவித் தள்ளினால் பெயர்ந்து வரும். பெயர்த்த பிறகு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடும் விரலுக்குத் தட்டுப்படும்.

முத்தியால்பேட்டைக்காரன் எழுதியது:

கையால் சுற்றியபோது ஷட்டர் நேரம் சரியாகவே இருந்தது. ஆகையால் திருகைத் தொடவில்லை. கேட்டைக் கழற்றிப் பார்த்ததில், ஒரு தண்டவாளத்தின் கீழ்ப்பாதியில் பழுப்பு நிறத்தில் ஒரு படிவு கெட்டியாக இருந்தது. ஐயா சொன்ன முறைப்படி அதைப் பெயர்த்தேன். அழுத்துத் தகட்டின் ஸ்பிரிங்குகளில் ஒன்று தன் குழியிலிருந்து விலகிச் சாய்ந்திருந்தது. அதை உரிய இடத்தில் உட்காரவைத்தேன். இப்போது இரண்டு ஓரங்களும் ஒரே தெளிவில் இருக்கின்றன. எழுத்து இழுபடவில்லை. குதிப்பு ஏறத்தாழ முழுவதும் நின்றுவிட்டது.

ஒரே ஒரு சுருள் மட்டும் இன்னும் அடங்கவில்லை. மற்றவை அமைதியாக ஓடும் அதே கேட்டில், அதைப் போட்டால் மட்டும் கிளா படபடவென்று சத்தமிடுகிறது, லூப் அடிக்கடி போய்விடுகிறது. தகர டப்பாவைத் திறந்தால் காடி வாடை மூக்கைத் துளைக்கிறது. இதற்கு அழுத்தத்தைக் கூட்டிப் பார்க்கலாமா?

லாஸ்பேட்டை கேமரா உதவி எழுதியது:

கூட்டவே கூடாது. அதை இனி அந்த இயந்திரத்தில் ஓட்டவும் வேண்டாம். அசிட்டேட் பிலிம் ஈரத்திலும் வெப்பத்திலும் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது. நீங்கள் முகர்ந்தது அதுதான். சிதையும் பிலிம் சுருங்குகிறது. சுருங்கினால் துளைக்கும் துளைக்கும் இடையிலான தூரம் குறைகிறது. உங்கள் கிளா ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகளில் நுழைவதாக இருந்தால், முதல் பல் சரியாக நுழையும்போது அடுத்த பல் துளையின் ஓரத்தில் இடிக்கிறது. அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் ஒரு துளை நைவதற்கான சத்தம்.

அளந்து பார்த்துவிடலாம். 16 மி.மீ. பிரிண்டில் ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு 7.62 மி.மீ.; ஆகவே 100 ஃப்ரேம்களின் நீளம் 762 மி.மீ. இருக்க வேண்டும். மேசை மேல் பிலிமை இழுக்காமல் தட்டையாக விரித்து, ஒரு துளையின் மேல் ஓரத்திலிருந்து நூறு துளை தள்ளி உள்ள துளையின் மேல் ஓரம் வரை இரும்பு அளவுகோலால் அளந்து பாருங்கள். 754 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் ஒரு விழுக்காட்டுக்கு மேல் சுருங்கிவிட்டது என்று பொருள். அதைக் கிளா உள்ள எந்தக் கேட்டிலும் விடக்கூடாது. சுருளின் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் அளப்பது நல்லது, ஏனென்றால் வெளிச்சுற்று ஒரு மாதிரியும் உள்சுற்று வேறு மாதிரியும் சுருங்கும்.

இப்படிப்பட்ட சுருள்களுக்கென்றே பற்கள் இல்லாத ஸ்கேனர்கள் இருக்கின்றன. அவற்றில் பிலிம் உருளைகள் மேல் நிற்காமல் மெல்ல நகர்கிறது. மிகக் குறுகிய நேரம் மின்னும் விளக்கில் ஒவ்வொரு ஃப்ரேமும் படமாகிறது. துளை எங்கே இருக்கிறது என்பதைக் கணினி பார்த்து, பிறகு படத்தை நேர் செய்துகொள்கிறது. கீறல் மிகுந்த பிலிமுக்கு வெட் கேட் என்ற இன்னொரு முறையும் உண்டு. பிலிமின் அடித்தளத்தை ஒத்த ஒளிவிலகல் எண் கொண்ட திரவத்துக்குள் பிலிமை நனைத்தபடி கேட்டில் வைப்பார்கள். திரவம் கீறலின் பள்ளத்தை நிறைத்துவிடுவதால், அடித்தளத்தில் விழுந்த கீறல்கள் படத்தில் தெரியாமல் போகும். மேல்பூச்சே உரிந்துபோன இடத்தை அதனாலும் மீட்க முடியாது.

அதுவரை அந்தச் சுருளை மற்றவற்றோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் அமில ஆவி பக்கத்துச் சுருள்களின் சிதைவையும் முடுக்கும். இறுக்கமான தகர டப்பாவிலிருந்து எடுத்து, காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியும் உலர்வும் மிகுந்த அறையில் வையுங்கள். புதுச்சேரியில் கடலைப் பார்த்த அறையாக அது இருக்க வேண்டாம்.

முத்தியால்பேட்டைக்காரன் எழுதியது:

அளந்து பார்த்தேன். தொடக்கத்தில் 755, நடுவில் 753, முடிவில் 751 மி.மீ. தனி டப்பாவில் போட்டு எடுத்து வைத்துவிட்டேன். பற்கள் இல்லாத ஸ்கேனர் சென்னையில் எங்கேனும் தனியாருக்குச் செய்து தருகிறார்களா என்று தெரிந்தவர்கள் இங்கேயே எழுதினால் உதவியாக இருக்கும்.